டேப்பை எடுங்கள், அப்புறம் ஸ்பானரை

பட்டறைப் பக்கம்: இந்த இதழில் சாய்ந்து நிற்கும் ஜீப்புகள்

கேள்வி: என் ஜிப்ஸியின் வலது முன்மூலை முக்கால் அங்குலம் தாழ்ந்து நிற்கிறது. வலது முன்பட்டையை (லீஃப் ஸ்பிரிங்கை) மட்டும் மாற்றினால் போதும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா? (எஸ்.ஆர்., வால்பாறை)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தாழ்ந்த மூலையில்தான் கோளாறு என்று யார் சொன்னது? கட்டிலின் ஒரு காலுக்கு அடியில் செங்கல்லைச் செருகிப் பாருங்கள், எதிர்மூலையில் பாரம் ஏறும். வண்டியும் அப்படித்தான். இடது பின்பட்டை விறைத்து நின்றால் வலது முன்மூலை அழுந்தும். பாவம், அடி வாங்குவது முன்பட்டை.

முதலில் நான்கு டயரிலும் காற்று சரிபாருங்கள். பிறகு சமதளம் தேடுங்கள். மலையூரில் அதுவே பெரிய வேலை. லாரி எடைமேடை கிடைத்தால் நல்லது. வண்டியை முன்னும் பின்னும் நாலடி உருட்டி, பம்பரில் ஏறி நின்று நன்றாகக் குலுக்கிவிட்டு அளக்க வேண்டும். துருப்பிடித்த பட்டைகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும். ஜாக்கியில் ஏற்றி இறக்கியதும் எடுத்த அளவு அளவே இல்லை. சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை ஓர் அளவு, அச்சிலிருந்து சேஸிஸ் வரை இன்னோர் அளவு, நான்கு மூலைக்கும் எழுதுங்கள். சேஸிஸ் நேராக இருந்து மட்கார்டு மட்டும் கோணலென்றால் நசுங்கியது பாடி ரப்பர். பட்டையைத் திட்டிப் பயனில்லை.

அடுத்து, முன் குறுக்குச் சட்டத்தின் நட்டநடுவில் ஒரே ஜாக்கி கொடுத்து, முன்சக்கரம் தரையை விடும் அளவுக்குத் தூக்குங்கள். இப்போது முன்பக்கம் ஒற்றைப் புள்ளியில் நிற்கிறது, சாய்வைத் தீர்மானிப்பது பின்பட்டைகள் மட்டுமே. சாய்வு அப்படியே இருந்தால் கோளாறு பின்னால், நிமிர்ந்துவிட்டால் முன்னால். (அந்த நிலையில் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள்.) எந்தப் பக்கம் என்று தெரிந்ததும் அந்த ஜோடியை இடம் வலம் மாற்றிப் பூட்டுங்கள். சாய்வும் கூடவே இடம் மாறினால் பட்டை குற்றவாளி. மாறாவிட்டால் ஹேங்கரையும் சேஸிஸையும் பாருங்கள். வாங்கும்போது ஜோடியாகத்தான் வாங்க வேண்டும்.

கேள்வி: தாழ்ந்த பக்கத்தில் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே அரை அங்குலத் தகடு வைத்தேன். இன்னும் தாழ்ந்துவிட்டது! இதுவும் ஜிப்ஸிதான். (கே., போடி)

பதில்: உங்கள் வண்டியில் பட்டை அச்சுக்குக் கீழே தொங்குகிறது. நடுவே தகடு வைத்தால் பட்டை இறங்கும், பட்டையைப் பிடித்திருக்கும் சேஸிஸும் இறங்கும். லாரியில் பட்டை மேலே இருப்பதைப் பார்த்துச் செய்திருப்பீர்கள். கழற்றுங்கள்.

கேள்வி: என்னுடையது 2021 தார். பின்பட்டையில் எத்தனை இலை சேர்க்கலாம்? (பெயர் வேண்டாம், கோவை)

பதில்: அதில் பட்டையே கிடையாது. நான்கு மூலையிலும் காயில். ஒருமுறை குனிந்து பாருங்கள்.

கேள்வி: 2012 தார் சிஆர்டிஇ. முன்பக்கம் இடது தாழ்வு. (ஜே., தேனி)

பதில்: உங்கள் வண்டியில் பின்னால்தான் பட்டை, முன்னால் டார்ஷன் பார். அதைச் சரிசெய்யத் தனி போல்ட் உண்டு. அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பி, உருட்டி, அளந்து பாருங்கள். முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். ஆனால் பின்பக்கத்தைச் சோதிக்காமல் அந்த போல்ட்டைத் தொடக் கூடாது.

கேள்வி: எம்எம் 540-க்கு நான்கு பட்டையும் புதிது, புஷ் எல்லாம் புதிது, ஷாக் அப்சர்பரும் புதிது. பட்டறையை விட்டு வெளியே வரும்போதே இடது பக்கம் ஒரு அங்குலம் உயர்ந்து நின்றது. "ஓட ஓட செட் ஆகிவிடும்" என்றார்கள். இரண்டு மாதமாக ஓடுகிறது. (வி.எம்., கொடைக்கானல்)

பதில்: "ஓட ஓட செட் ஆகிவிடும்!" இந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கும். எது செட் ஆகும்? ரப்பர் கிழிந்து செட் ஆகும்.

விஷயம் இதுதான். ரப்பர் புஷ் கதவுக் கீல் மாதிரி சுழல்வதில்லை. போல்ட்டை இறுக்கிய நொடியில் ரப்பர் அந்த இடத்திலேயே பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு பட்டை ஏறி இறங்கும்போதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொண்டு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். அப்படியானால் அது முறுக்கில்லாமல் ஓய்வாக இருக்க வேண்டிய நிலை எது? வண்டி நாலு காலில் நிற்கும் நிலை. நம் ஆட்கள் செய்வது என்ன? வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, அச்சு தொங்கிக்கொண்டிருக்கும்போதே எல்லா போல்ட்டையும் பைப் போட்டு இறுக்கிவிடுவார்கள், கை எட்டுகிறதே என்று. வண்டி தரையில் இறங்கும்போது ரப்பர் முழு வீச்சில் முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு ஒரு கள்ள ஸ்பிரிங் மாதிரி வண்டியைத் தூக்கிப் பிடிக்கும். வலது பக்கத்தைத் தரையிலும் இடது பக்கத்தை அந்தரத்திலும் இறுக்கியிருந்தால் கேட்கவே வேண்டாம், உங்கள் ஒரு அங்குலம் வந்துவிடும்.

காசில்லாத வைத்தியம் சொல்கிறேன். பட்டையின் ஒரு முனையில் நிலைக்கண், அதற்கு ஒரு போல்ட்; மறுமுனையில் ஷேக்கிள், அதற்கு இரண்டு. ஆக மூன்று போல்ட். நான்கு பட்டைக்குப் பன்னிரண்டு. வண்டி தரையில் நிற்க, பன்னிரண்டையும் தளர்த்துங்கள். கழற்ற வேண்டாம், தளர்த்தினால் போதும். யூ போல்ட்டைத் தொடாதீர்கள். இருபதடி உருட்டி, முன்னும் பின்னும் குலுக்கி, பள்ளத்தில் படுத்தோ பிட்டில் இறங்கியோ மறுபடி இறுக்குங்கள். அப்புறம் அளந்து பாருங்கள். புதுப் பட்டைகளைக் குறை சொல்லிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போன பலரை இந்த ஒரு மணி நேர வேலை திருப்பி அனுப்பியிருக்கிறது. இரண்டு மாதம் முறுக்கிலேயே ஓடியிருப்பதால் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் புஷ் செலவு மறுபடி உண்டு.

பழைய வில்லிஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அதன் யூ ஷேக்கிளில் ரப்பரே கிடையாது. மரை வெட்டிய புஷ்ஷும் கிரீஸும்தான். ஆனால் சிலவற்றில் எதிர் மரை இருக்கும். அது தெரியாமல் முறுக்கி உடைத்தவர்களின் கடிதங்களுக்குத் தனி இதழ் போடலாம்.

கேள்வி: கொல்லுப் பட்டறையில் பட்டையைச் சூடேற்றி வளைவு ஏற்றித் தருகிறார்கள். விலை பாதிக்கும் குறைவு. செய்யலாமா? (ஆர்.பி., சேலம்)

பதில்: பட்டையின் உயிர் அதன் பதத்தில் இருக்கிறது. சிவக்கக் காய்ச்சிவிட்டுக் காற்றில் ஆறவிட்டால் பதம் போய்விடும். மீண்டும் சூடேற்றி, எண்ணெயில் தோய்த்து, அதைவிடக் குறைந்த சூட்டில் பக்குவம் பார்த்தெடுக்கும் உலை அங்கே இருக்கிறதா? இல்லையென்றால் அவர் தருவது வளைந்த இரும்பு. குளிரிலேயே சுத்தியலால் தட்டி வளைவு ஏற்றும் கைகள் லாரித் தொழில் நடக்கும் ஊர்களில் இன்னும் உண்டு. அது சில காலம் நிற்கும். பிறகு படுத்துவிடும்.

கேள்வி: தாத்தா காலத்து லேண்ட் ரோவர், சீரிஸ் 88 அங்குலம். புதுப் பட்டைகள் போட்டோம். யாரும் உட்காராதபோது ஓட்டுநர் பக்கம் 12 மி.மீ. உயர்ந்து நிற்கிறது. தவறு செய்துவிட்டோமா? (டி., குன்னூர்)

பதில்: இல்லை, சரியாகவே செய்திருக்கிறீர்கள். அந்த வண்டிக்கு இடப் பட்டையும் வலப் பட்டையும் ஒன்றல்ல; ஓட்டுநர் பக்கத்துக்கு வளைவு சற்று அதிகம். காரணம், வலது இருக்கைக்கு அடியிலேயே பெட்ரோல் டேங்க். நிறைத்தால் சுமார் 45 லிட்டர், அதாவது முப்பது கிலோவுக்கு மேல். அதன்மேல் ஓட்டுபவர். பட்டைகளை இடம் மாற்றிப் போட்டிருந்தால்தான் வருத்தப்பட வேண்டும். அப்போது வண்டி எப்போதும் வலப்பக்கம் குனிந்தே போகும். டேங்கை நிரப்பி, நீங்கள் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் ஒருவரிடம் டேப்பைக் கொடுத்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஐநூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை இன்னொருமுறை இறுக்கிவிடுங்கள்.