பில் போடும் கம்ப்யூட்டர் சூடானால் என்ன செய்வது?

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு நம்மில் பலரது கல்லாவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் இடம்பிடித்துவிட்டது. திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் திரளும் நாளில் அது அணைந்து அணைந்து எரிந்தால் வியாபாரம் என்னாவது?

பல நேரம் சூடுதான் காரணம். பிராசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றுவது அதன் மேலுள்ள ஹீட் சிங்க் என்னும் உலோகத் தகடுகளும் மின்விசிறியும். மாவு, மிளகாய்த்தூள், சாக்குத் தூசி அந்தத் தகடுகளை அடைத்துவிடும். சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் பிராசசர் வேகம் குறையும்; மேலும் ஏறினால் தானே அணைந்துவிடும்.

முதலில் கணக்குகளைப் பென் டிரைவில் நகல் எடுங்கள். ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசி நாளிலிருந்து 72 மாதம் அவற்றைக் காப்பது சட்டம். பிறகு பிளக்கைப் பிடுங்கி, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். பெரும்பாலும் இதுவே போதும். அப்படியும் சூடு தணியாவிட்டால், வாரண்டி முடிந்திருந்தால் மட்டும், கழற்றலாம்.

1. பசை இளக, 10 நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்துங்கள். பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்குங்கள்.

2. விசிறி ஒயரைக் கழற்றுங்கள். இன்டெல் கம்பெனி விசிறியானால் நான்கு முளைகளையும் அம்புக்குறிப் பக்கம் கால் சுற்றுத் திருப்பி மேலே இழுங்கள்.

3. ஏ.எம்.டி. வகையில் கிளிப் அல்லது திருகு இருக்கும். அதை வெடுக்கென இழுக்கக் கூடாது. பழைய வகைகளில் பிராசசரும் ஒட்டிக்கொண்டு வந்து ஊசிக்கால்கள் வளைந்துவிடும். இடம்வலமாக மெல்லத் திருகி எடுங்கள்.

4. காய்ந்த பசையை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் இருபுறமும் துடையுங்கள். உலர்ந்ததும் புதுப் பசையைத் துவரம்பருப்பு அளவு நடுவில் வையுங்கள்.

5. முளைகளைப் பழைய நிலைக்குத் திருப்பி, எதிரெதிர் மூலையாக 'டிக்' சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். திருகானால் அதே வரிசையில் சிறிது சிறிதாக முறுக்குங்கள். விசிறி ஒயரை மறவாதீர்கள்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் விசிறி சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலாவிட்டால் உடனே அணையுங்கள். இந்த வேலையைத் திருவிழாவுக்கு முதல் நாள் வைத்துக்கொள்ளாமல், ஒரு வாரம் முன்பே, கடை அடைத்த பிறகு நிதானமாகச் செய்வது நல்லது.