முன்பு வாங்கிய சம்பளம் எவ்வளவு?

படிப்பை முடித்து வேலை தேடிப் புறப்படும் ஒவ்வொருவரும் நேர்முகத் தேர்வு என்னும் வாயிலைக் கடந்தே ஆக வேண்டும். பெயர், ஊர், படிப்பு, அனுபவம் என்று வரிசையாகக் கேள்விகள் வரும். இவற்றுக்கு அஞ்சாமல் விடை சொல்ல நம் ஆசிரியைகள் நம்மைப் பழக்குகிறார்கள். கடைசியில் ஒரு சிறு கேள்வி வருவதுண்டு: "இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் எவ்வளவு சம்பளம் வாங்கினீர்கள்?" விண்ணப்பப் படிவத்தில் 'கடைசியாகப் பெற்ற ஊதியம்' என்று ஒரு கட்டம் இருக்கும். சில நிறுவனங்கள் பழைய சம்பளச் சீட்டையே கொண்டுவரச் சொல்லும். கேட்பதற்கு எளிய கேள்விதான். ஆனால் ஒரு பெண்ணின் வாழ்நாள் வருவாயையே அது கட்டுப்படுத்தி விடக்கூடும். ஆகவே இதனைப் பற்றி நாம் சற்றுச் சிந்திப்போம்.

ஏன் கேட்கிறார்கள்?

வேலை கொடுப்போர் பக்கமும் சில காரணங்கள் உண்டு. தாம் கொடுக்க இருப்பதைவிட மிக அதிகமாக வாங்கியவர் வந்து சேரமாட்டார் என்று முன்கூட்டியே அறிய விரும்புவர். ஓர் அரசுப் பணியிலிருந்து மற்றோர் அரசுப் பணிக்குச் செல்பவரிடம், அவருடைய ஊதியம் குறையாமல் காப்பதற்காகவும் கேட்பதுண்டு. எனவே கேட்பவர் எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. பழைய சம்பளத்தை அளவுகோலாக வைத்துப் புதிய சம்பளத்தை அளக்கும்போதுதான் தீங்கு பிறக்கிறது.

ஒரு கணக்கு

ஒரே வேலையில் ஓர் ஆண் மாதம் 12,000 ரூபாயும் ஒரு பெண் 9,000 ரூபாயும் பெறுவதாக வைத்துக்கொள்வோம். இருவரும் மூன்று முறை நிறுவனம் மாறுகிறார்கள். ஒவ்வொரு முறையும் "பழைய சம்பளத்தோடு 10 சதவீதம் கூடுதல்" என்று இருவருக்கும் ஒரே விதி. மூன்றாம் மாற்றத்திற்குப் பின் ஆண் பெறுவது 15,972 ரூபாய். பெண் பெறுவது 11,979 ரூபாய். முதலில் 3,000 ரூபாயாக இருந்த வேறுபாடு இப்போது 3,993 ரூபாய். ஆண்டுக்குக் கணக்கிட்டால் 47,916 ரூபாய்! பின்னால் வந்த மூன்று முதலாளிகளும் ஆண், பெண் என்று வேறுபாடு பார்க்கவில்லை. முதல் இடத்தில் நடந்த அநீதி தானாகவே கூட வந்து, வளர்ந்தும் விட்டது. சேமநல நிதி, பணிக்கொடை ஆகியவையும் சம்பளத்தை ஒட்டியே அமைவதால் முதுமைக் காலத்திலும் இந்தக் குறை தொடர்கிறது.

நம் ஊரில்

பெண்ணின் முதல் சம்பளம் ஏன் குறைவாக இருக்கிறது? ஆண்டிபட்டி வட்டாரத்தை எண்ணிப் பார்ப்போம். பூந்தோட்டம், சக்கம்பட்டித் தறி, நூற்பாலை, மேற்கே மலையில் ஏலத்தோட்டம் என்று நம் தாய்மார் உழைக்காத இடம் இல்லை. விடியுமுன்னே ஜீப்பில் ஏறி மலைக்குச் சென்று இருட்டிய பின் திரும்பும் பெண்களைக் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் காணலாம். ஆயினும் காட்டு வேலையில் ஆண் கூலி, பெண் கூலி என்று இரண்டு கூலி பேசுவது நெடுநாள் வழக்கம்.

படித்த பெண்ணின் நிலையும் பல வேளைகளில் இதுவே. "பக்கத்திலேயே இருக்கிறது, பஸ் செலவு இல்லை, பாதுகாப்பான இடம்" என்று வீட்டார் சொல்ல, கிடைத்த சம்பளத்திற்குச் சேர்ந்துவிடுகிறாள். குழந்தைப்பேற்றுக்காகச் சில ஆண்டுகள் வேலையை விடுகிறாள். பிறகு மதுரையிலோ கோயம்புத்தூரிலோ பெரிய வேலை கேட்டுப் போகும்போது, அந்தப் பழைய சிறு தொகையே அவளுடைய விலைச்சீட்டாகி விடுகிறது.

இரண்டு வழக்குகள்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலம் பிரெஸ்னோ மாவட்டக் கல்வி அலுவலகத்தில் 2009ஆம் ஆண்டு அய்லீன் ரிசோ என்னும் பெண்மணி கணித ஆலோசகராகச் சேர்ந்தார். பழைய சம்பளத்தோடு 5 சதவீதம் சேர்த்து அதற்கேற்ற படியில் அமர்த்துவது அந்த அலுவலகத்தின் விதி. அவருடைய பழைய சம்பளம் குறைவாக இருந்தமையால் முதற்படியே கிடைத்தது. 2012இல், அதே வேலைக்குப் புதிதாக வந்த ஆண் ஒருவர் ஒன்பதாம் படியில் சேர்ந்ததை அறிந்தார், நீதிமன்றம் சென்றார். முந்தைய சம்பளத்தைக் காட்டி ஆண், பெண் ஊதிய வேறுபாட்டை நியாயப்படுத்த இயலாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018இலும், மறு விசாரணைக்குப் பின் 2020இலும் தீர்ப்பளித்தது.

நம் நாட்டிலும் ஒரு பெண்மணி இவ்வாறு போராடியிருக்கிறார். மெக்கின்னன் மெக்கென்சி நிறுவனத்தில் சுருக்கெழுத்தராகப் பணிபுரிந்த ஆட்ரி டி'கோஸ்டா, அதே வேலையைச் செய்த ஆண்களைவிடத் தமக்குக் குறைவாகக் கொடுக்கப்பட்டது என்று வழக்குத் தொடுத்தார். 1977இல் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். தொழிற்சங்கத்துடன் முன்பு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படியே கொடுத்தோம் என்றது நிறுவனம். நிதி நிலையையும் எடுத்துச் சொன்னது. 1987இல் உச்ச நீதிமன்றம் இவற்றை ஏற்கவில்லை. சம ஊதியம் கொடுக்க வேண்டிய கடமை நிர்வாகத்தின் பண வசதியைப் பொறுத்தது அன்று என்று தெளிவாகக் கூறியது. பத்தாண்டுப் பொறுமைக்குக் கிடைத்த வெற்றி அது.

சட்டம் என்ன சொல்கிறது?

சம வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்பதை நம் அரசியலமைப்பின் 39ஆம் பிரிவு அரசின் நெறியாக வகுத்துள்ளது. 1976இல் சம ஊதியச் சட்டம் வந்தது. அதன் இடத்தை 2019ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு எடுத்துக்கொண்டுள்ளது. ஊதியத்திலும் வேலைக்கு ஆள் எடுப்பதிலும் பால் வேறுபாடு கூடாது என்பது அதிலும் உள்ளது. ஆயினும் பழைய சம்பளத்தைக் கேட்கவே கூடாது என்ற விதி நம் நாட்டில் இல்லை. கலிபோர்னியாவில் அத்தகைய சட்டம் 2018 ஜனவரி முதல் நடப்பில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியமும் 2023இல் பிறப்பித்த ஆணையில், வேலைக்கு வருவோரிடம் ஊதிய வரலாற்றைக் கேட்கக் கூடாது என்று கூறியிருக்கிறது.

இக்கேள்வி இல்லாமலே வேலை நடக்கும் என்பதற்கு நம் கண்முன்னே சான்று உண்டு. அரசுத் தேர்வு அறிவிப்பில் ஒவ்வொரு பதவிக்கும் உரிய ஊதியம் முன்னரே அச்சிடப்பட்டிருக்கும். நூறு நாள் வேலைக்காக 2005இல் வந்த சட்டமும் கூலியில் ஆண், பெண் வேறுபாடு கூடாது என்று எழுதி வைத்தது. நேற்றுக் காட்டில் எவ்வளவு வாங்கினாய் என்று பார்த்து அங்கே கூலி போடவில்லை.

திருச்சபை கற்பிப்பது

சிங்கராயர் என்று நம் முன்னோர் அழைத்த திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, தொழிலாளர் நிலை குறித்து 1891இல் சுற்றுமடல் எழுதினார். இருவரும் ஒப்புக்கொண்டார்கள் என்பதனாலேயே ஒரு கூலி நீதியானதாகி விடாது. வறுமையால் வேறு வழியின்றி ஒப்புக்கொண்டவர் அநீதிக்கு உள்ளானவரே என்று அதில் கற்பித்தார். 2025இல் பொறுப்பேற்ற திருத்தந்தை பதினான்காம் லியோ, இச்சுற்றுமடலை எண்ணியே அப்பெயரை ஏற்றதாகக் கூறியிருக்கிறார்.

திராட்சைத் தோட்ட உவமையும் நமக்கு நினைவுக்கு வரும். அது இறைவனின் தாராளத்தைக் காட்டும் உவமை. கூலிச் சட்டம் அன்று. எனினும் ஒன்றைக் கவனிக்கலாம். சந்தை வெளியில் நின்றவர்களை அழைத்த அந்தத் தோட்டக்காரர், நேற்று எவ்வளவு கூலிக்குப் போனீர்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. பொய் சொல்லக் கூடாது. பழைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்வது பாவம் மட்டுமன்று. சம்பளச் சீட்டைக் கேட்டால் வேலையும் போய்விடும்.

2. நேர்முகத் தேர்வுக்கு முன்னரே அந்த வேலைக்குரிய சம்பளத்தை விசாரித்து அறிய வேண்டும். அரசு அறிவித்துள்ள குறைந்தபட்ச ஊதியத்தையும், அவ்வேலையில் இருக்கும் முன்னாள் மாணவியரையும் கேட்டறியலாம்.

3. கேள்வி வந்தால் பணிவோடு, "இந்தப் பணிக்கு என்ன சம்பளம் வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளலாமா, சார்?" என்று கேட்கலாம். இது மரியாதைக் குறைவு ஆகாது.

4. வற்புறுத்திக் கேட்டால் உண்மையைச் சொல்லி, "அந்த வேலை வேறு. இந்தப் பொறுப்புக்கு இவ்வளவு எதிர்பார்க்கிறேன்" என்று சேர்த்துச் சொல்லலாம்.

5. குடும்ப நிலை காரணமாகக் குறைந்த சம்பளத்தை ஏற்க நேரிட்டால் அதில் வெட்கம் இல்லை. ஆனால் சம்பளம், உயர்வு ஆகியவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். மகளின் முதல் வேலைக்கு "ஏதோ கைச்செலவுக்கு ஆகும்" என்று இசையும்போது, பின்வரும் சம்பளத்துக்கெல்லாம் அதுவே அடித்தளம் ஆகலாம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் வீட்டு வாசலில்

இந்தக் கேள்வியைப் பெரிய நிறுவனங்கள் மட்டுமா கேட்கின்றன? பாத்திரம் தேய்க்க, துணி துவைக்க ஓர் அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது, "போன வீட்டில் எவ்வளவு கொடுத்தார்கள்?" என்றுதானே பல வீடுகளிலும் முதலில் கேட்கிறார்கள்? அதற்கு மேல் ஐம்பதோ நூறோ சேர்த்துவிட்டால் தாராளம் காட்டியதாகவும் நினைத்துக்கொள்கிறார்கள். போன வீடு குறைத்துக் கொடுத்திருந்தால் இந்த வீடும் குறைத்தே கொடுக்கிறது. "இங்கே இவ்வளவு வேலை, இத்தனை மணி நேரம், இதற்கு இவ்வளவு கொடுப்போம்" என்று சொல்ல எந்தச் சட்டமும் நமக்குத் தேவையில்லை.

தோழியரே, நம்முள் சிலர் நாளை வேலை கேட்டு நிற்போம். சிலர் வேலை கொடுக்கும் நாற்காலியில் அமர்வோம். கூலி வேலைக்கு உரியது. வந்தவரின் பழைய வறுமைக்கு உரியது அன்று. எந்த இடத்தில் இருந்தாலும் இதனை மனத்தில் கொள்வோம். நீதியோடு கேட்போம், நீதியோடு கொடுப்போம்.