வண்டிப்பாதையும் மேய்க்காலும்: ஒரு புகைப்படப் பாடம்

எட்டாம் வகுப்பில் வரைபடப் பாடம் நடத்தும்போது, மாநில வரைபடத்தில் ஒரு புள்ளியைக் காட்டி "இதுதான் படவேடு" என்றேன். பிள்ளைகள் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை. மறுவாரம் கிராம வரைபடத்தின் நகலை வாங்கிவந்து மேசையில் விரித்தபோது கதை மாறியது. ஏரி, ஓடை, வண்டிப்பாதை, மேய்க்கால் புறம்போக்கு, கல்லாங்குத்து என்று விரலை வைத்துக் காட்டிக்கொண்டே போனேன். "இது எங்க கொல்லைக்குப் போற வழி சார்" என்று ஒருத்தி எழுந்தே வந்துவிட்டாள்.

படவேடு ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில் இருக்கிறது. சம்புவராயர் காலத்தில் தலைநகர். இன்று வெளியூர்க்காரர்களுக்கு ரேணுகாம்பாள் கோயிலும், ஆடி வெள்ளிக் கூட்டமும், செண்பகத்தோப்பு அணையும்தான் தெரியும். அவற்றைப் படம் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மாடு போகும் பாதையையும் ஆடு மேயும் கரட்டையும் யாரும் எடுப்பதில்லை. அவற்றை நாமே எடுத்து, கிராம வரைபடத்தோடு ஒப்பிடலாம் என்று முடிவு செய்தேன். தலைமையாசிரியரின் அனுமதி, பெற்றோரின் சம்மதம், குழுவுக்கு ஐந்து பேர், கருவி என் கைப்பேசி.

முதல் முயற்சியில் தவறு செய்தது நான்தான். வழிகாட்டுவதற்காக ஒரு மாலை நானே போய் எடுத்த படம் ஒன்று மிக அழகாக அமைந்துவிட்டது. சரிவில் வெள்ளாடுகள், பின்னால் மலை, ஓரத்தில் கோலோடு ஒரு சிறுவன். "மேய்ச்சல் நிலம்" என்று எழுதி வகுப்பில் ஒட்டினேன். அந்தச் சிறுவன் எங்கள் வகுப்பு மாணவன். காய்ச்சல் என்று சொல்லி இரண்டு நாள் வராமல் இருந்தவன். தூரத்துப் படம்தானே, முகம் தெரியவில்லை என்று நினைத்தேன். பிள்ளைகளுக்குச் சட்டையே போதுமாக இருந்தது. விஷயம் தெரிந்த பிறகு அவன் மேலும் நான்கு நாள் வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். "படம் போட்டு புள்ளைய அசிங்கப்படுத்திட்டீங்களே சார்" என்றார் அவன் அம்மா. பதில் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. படத்தைக் கிழித்துவிட்டதாகச் சொன்னேன். அதுவரை தலைகுனிந்து நின்றவன் மெதுவாகச் சொன்னான்: "அது மேய்ச்சல் நெலம் இல்ல சார், கல்லாங்குத்து. அங்க புல்லு ஏது? வெள்ளாடு தழைதான் கடிக்கும். புல்லு வேணும்னா தண்ணி வத்தினப்புறம் ஏரி உள்வாய்க்குத்தான் போவணும்." நான் எழுதிய ஒரே வரியும் பிழை!

அடுத்த வாரம் ஓர் ஒப்பீட்டைக் கொண்டுபோனேன். பிரிட்டனில் 2005-ஆம் ஆண்டு 'ஜியோகிராப்' என்ற திட்டம் தொடங்கியது. நாட்டை ஒரு கிலோமீட்டர்ச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் குறைந்தது ஒரு படமாவது, எந்த இடம் என்ற விவரத்தோடு, தன்னார்வலர்கள் சேர்த்துவருகிறார்கள். வேல்ஸ் பகுதிப் படங்களில் பெரும்பாலும் இருப்பது குறுகலான சாலை, இருபுறமும் உயிர்வேலி, செம்மறிகள் மேயும் புல்வெளி. சில சாலைகளின் குறுக்கே ஆடு தாண்டாதபடி இடைவெளி விட்டு இரும்புக் கம்பிகளைப் பதித்திருப்பார்கள். வண்டி போகும், ஆட்டின் குளம்பு சிக்கும் என்பதால் ஆடு தயங்கி நின்றுவிடும். அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததும் ஒருவன் கேட்டான், "மேய்க்கிறவங்க எங்க சார்?" நான் பதில் சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "அங்க வேலி இருக்குது. இங்க வேலிக்குப் பதிலா இவன் நிக்கிறான்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. வராத நாள்களுக்கு அவனிடம் அதுவரை நான் காரணம் கேட்டிருந்தேன். அந்தக் காரணம் நிலத்திலும் இருக்கிறது என்று யோசித்ததில்லை.

பிறகுதான் ஒழுங்காகத் தொடங்கினோம். குறிப்பு எழுதாத படத்தை ஒட்டுவதில்லை. எங்கே நின்று எடுத்தது, எந்தத் திசை நோக்கி, தேதியும் நேரமும், அந்த இடத்தை ஊரார் அழைக்கும் பெயர் ஆகியவை கட்டாயம். பெயரைப் பிள்ளைகள் வீட்டில் கேட்டுத்தான் எழுத வேண்டும். ஆள்களை, அதுவும் பள்ளி நேரத்தில் வேலை செய்யும் பிள்ளைகளை, எடுக்கவே கூடாது.

நுட்பமாகச் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்தான். உச்சி வெயிலில் பாதை தட்டையாகத் தெரியும். காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது வண்டித் தடமும் குளம்புத் தடமும் எழும்பித் தெரியும். மலை மேற்கே இருப்பதால் எங்கள் ஊரில் மாலை நிழல் சீக்கிரம் வந்துவிடும், ஆகவே காலைதான் நல்லது. மின்கம்பம் படத்தில் வரும்படி நின்றால் அதில் எழுதியிருக்கும் எண்ணே இடத்துக்கு அடையாளம். பாம்பு நடமாட்டம் உண்டு என்பதால் புதருக்குள் இறங்க விடவில்லை.

வரைபடத்தில் இருந்த ஒரு வண்டிப்பாதை, நேரில் ஒரு வேலியில் போய் முடிந்தது. யார் வேலி என்று பிள்ளைகள் உற்சாகமாகப் பேசத் தொடங்கினார்கள். அந்த விசாரணை வகுப்பறையின் வேலை அல்ல என்பது என் கருத்து. "வரைபடத்தில் பாதை உள்ளது. படத்தில் இல்லை" என்று மட்டும் எழுதச் சொன்னேன். அந்த இரண்டு வாக்கியங்களை எழுதக் கற்றதே எனக்குப் போதுமாக இருந்தது.

ஏரி உள்வாயைச் சித்திரையில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கார்த்திகையில் ஒருமுறையும் ஒரே பாறையில் நின்று எடுத்தோம். சித்திரைப் படத்தில் புல்லும் மாடும். கார்த்திகையில் அதே இடத்தில் தண்ணீர். இரண்டு படத்துக்கும் குறிப்பு எழுதியவன் அந்த மாணவன்தான். உள்வாயில் நீர் நிற்கும் மாதங்களில் ஆட்டை எங்கே ஓட்டுவார்கள் என்று நான்கு வரி சேர்த்திருந்தான். எழுத்துப்பிழைகள் இருந்தன, வகுப்பில் மற்ற யாரும் எழுதியிருக்க முடியாத வரிகள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசியதில், அவன் வீடும் பக்கத்து வீடும் ஆடுகளைச் சேர்த்து முறைவைத்து ஓட்டுகின்றன. மேய்ப்பதற்கு ஆள் கிடைக்காத நாள்களில் இன்னமும் அவன் வருவதில்லை. மறுநாள் வந்ததும், முந்தின நாள் எந்த வழியாகப் போனான் என்பதை வகுப்பு வரைபடத்தில் பென்சிலால் குறித்துவிட்டுத்தான் உட்காருகிறான்.