தண்ணீர் குடித்து வளரும் கல்

உங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு சிமென்ட் தொட்டி இருக்கலாம். துணி துவைக்கும் கல், சமையல் மேடை, சுவரில் பதித்த அலமாரித் தட்டு, சன்னலுக்கு மேல் நீண்டிருக்கும் சன்ஷேடு ஆகியவையும் பல வீடுகளில் கான்கிரீட்டால் ஆனவையே. இவற்றைப் புதிதாகச் செய்யும்போது கவனித்திருக்கிறீர்களா? மறுநாளே கொத்தனார் ஈரச் சாக்கைப் போர்த்திவிடுகிறார். வேளை தவறாமல் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார். காய வேண்டிய பொருளை ஏன் நனைக்க வேண்டும்?

உண்மையில், கான்கிரீட் காய்வதால் இறுகுவதில்லை. களிமண் காய்ந்து இறுகும். மீண்டும் நனைத்தால் கரைந்துவிடும். சிமென்ட் அப்படியன்று. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டு, சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்த தூள் அது. அதிலுள்ள கால்சியம் சிலிகேட்டுகள் தண்ணீருடன் வினைபுரிந்து புதிய சேர்மங்களாகின்றன. அவை மணலையும் ஜல்லியையும் இறுகப் பிணைக்கின்றன. இந்த வினைக்கு நீரேற்றம் என்று பெயர். தண்ணீர் ஆவியாகிவிட்டால் வினை நின்றுவிடும்; கல் அரைகுறையாகவே நின்றுபோகும். 28 நாள்களில் பெறும் வலிமையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத்தான் சாதாரண சிமென்ட் கான்கிரீட் முதல் 7 நாள்களில் பெறுகிறது. ஈரச் சாக்கின் இரகசியம் இதுவே.

நீரேற்றத்தின்போது இன்னொரு பொருளும் உண்டாகிறது. அது கால்சியம் ஹைட்ராக்சைடு. வெற்றிலைக்குத் தடவும் அதே சுண்ணாம்பு! ஆகவே கான்கிரீட் காரத்தன்மை மிக்கது. புதுத் தொட்டியில் உடனே மீன் விட்டால் இறந்துபோவது இதனால்தான். பலமுறை நீர் நிரப்பி வடித்த பிறகே மீன் விட வேண்டும். ஈரச் சிமென்ட் கையைப் புண்ணாக்குவதற்கும் இதுவே காரணம். அமிலத்துக்கும் காரத்துக்கும் ஒத்துப்போகாது அல்லவா? சிமென்ட் மேடையில் எலுமிச்சைச் சாறோ புளிக்கரைசலோ சிந்திக் கிடந்தால் அந்த இடம் அரிக்கப்பட்டுச் சொரசொரப்பாகிவிடும்.

இனி வலிமையைப் பார்ப்போம். ஒரு சாக்பீஸை இரு முனைகளிலும் வைத்து நேராக அழுத்துங்கள், எளிதில் உடையாது. வளைத்துப் பாருங்கள், 'டக்'கென்று ஒடிந்துவிடும். கான்கிரீட்டின் குணமும் இதுதான். அமுக்கு விசையை நன்கு தாங்கும். இழுவிசையை அதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் தாங்கும்.

இந்தக் குறையை நீக்க வழி கண்டவர்களுள் ஒருவர் ஒரு தோட்டக்காரர்! பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ஜோசப் மோனியே, சிமென்ட் கலவைக்குள் இரும்புக் கம்பி வலையைப் பதித்துச் செடித் தொட்டிகள் செய்தார். 1867-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இரும்பும் கான்கிரீட்டும் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரே அளவு விரிவதால் இரண்டும் பிரியாமல் இணைந்திருக்கின்றன. மீனைக் கொன்ற அந்தக் காரத்தன்மை, கம்பியைத் துருப்பிடிக்காமல் காக்கவும் செய்கிறது.

கம்பியை எங்கே வைப்பது? ஓர் அழிரப்பரின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக வரிசையாகக் கோடுகள் வரையுங்கள். இரு முனைகளையும் இரு புத்தகங்களின் மேல் வைத்து நடுவில் அழுத்துங்கள். கோடுகள் அடிப்பக்கம் விலகுகின்றன, அங்கேதான் இழுவிசை. ஆகவே இரு பக்கமும் சுவர் தாங்கும் அலமாரித் தட்டுக்குக் கம்பி அடியில் வேண்டும். இப்போது ஒரு முனையை மட்டும் மேசை ஓரத்தில் பிடித்துக்கொண்டு, நீண்டிருக்கும் மறுமுனையை அழுத்துங்கள். கோடுகள் மேற்பக்கம் விலகும்! சுவரிலிருந்து நீளும் சன்ஷேடுக்குக் கம்பி மேல்பக்கம் வேண்டும். கான்கிரீட் போடும்போது யாராவது கம்பியை மிதித்துக் கீழே அமிழ்த்திவிட்டால், அந்தச் சன்ஷேடு கம்பி இல்லாததற்கே சமம். முட்டுப் பலகையைப் பிரித்ததும் அது விழுந்துவிடக்கூடும்.

கான்கிரீட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு ஆண்டுக்கணக்கில் உள்ளே புகுந்து காரத்தன்மையைக் குறைக்கிறது. பிறகு ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் கான்கிரீட் வெடித்து உதிரும். நன்றாகத் தண்ணீர் குடித்து இறுகிய கான்கிரீட்டில் நுண்துளைகள் குறைவு. அது நெடுநாள் உழைக்கும்.

இன்று மாலை உங்கள் வீட்டுச் சன்ஷேடையும் பள்ளியின் சன்ஷேடையும் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். பழுப்புக் கறையோடு விரிசல் தெரிந்தால் அதன் கீழே நிற்காதீர்கள். பெரியவர்களிடம் உடனே சொல்லுங்கள். பக்கத்துத் தெருவில் புதிதாகச் சன்ஷேடு போடுகிறார்களா? கம்பி மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று கொத்தனாரிடம் கேட்டுப் பாருங்கள்.