மூன்றணாவா? பதினைந்தணாவா?

(மூன்றாம் ஆண்டுப் பொருளியல் மாணவர் ஒருவர் எழுதியது)

முன்னுரை

நாடாளுமன்றம் என்றவுடன் போர், உடன்படிக்கை, அரசியல் சட்டத் திருத்தம் போன்ற பெருஞ்செய்திகளே நம் நினைவுக்கு வருகின்றன. உலை வைக்க அரிசி உண்டா, விளக்கெரிக்க எண்ணெய் உண்டா என்ற கேள்விகளுக்கும் அம்மன்றத்தில் இடம் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1963ஆம் ஆண்டில் மக்களவைக்குப் புதிதாக வந்த உறுப்பினர் ஒருவர், இந்நாட்டு ஏழை ஒரு நாளை எத்தனை அணாவில் கழிக்கிறான் என்று கேட்டார். அவர் டாக்டர் ராம் மனோகர் லோகியா. பொருளியல் பயிலும் நமக்கு அந்த வினா ஒரு பாடமாகும். அது எழுந்த வகையையும், அதன் பின்னுள்ள கணக்கையும் இக்கட்டுரையில் காண்போம்.

உப்பிலிருந்து தொடங்கியவர்

லோகியா 1910ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள அக்பர்பூரில் பிறந்தார். ஜெர்மனி சென்று, பெர்லினில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றார். அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட பொருள் எது தெரியுமா? இந்தியாவின் உப்பு வரி! ஏழை வீட்டுக் கஞ்சியிலும் இருக்கும் உப்பைப் பற்றி ஆராய்ந்தவர், பின்னாளில் அந்தக் கஞ்சியைப் பற்றியே மன்றத்தில் பேசியது வியப்பன்று.

1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் பூல்பூர் தொகுதியில் பிரதமர் நேருவையே எதிர்த்து நின்று தோற்றார். மறு ஆண்டு பரூக்காபாத் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்கு வந்தார். 1967 அக்டோபர் 12ஆம் நாள் மறைந்தார். ஆக, அவர் நாடாளுமன்றத்தில் இருந்தது நான்கு ஆண்டுகளுக்குச் சற்றே கூடுதலான காலந்தான். அதற்குள் விலைவாசி, நிலவரி, சாதி ஏற்றத்தாழ்வு எனப் பலவற்றையும் பொது விவாதத்துக்குக் கொண்டுவந்தார். கிராமப்புறப் பெண்களுக்குக் கழிப்பிடம் இல்லாத அவலத்தையும், அடுப்புப் புகையில் அவர்கள் கண்கள் கெடுவதையும் அரசியல் பிரச்சினைகளாகக் கருதியவர் அவர். அக்காலத்துத் தலைவர்களில் இவ்வாறு கருதியோர் மிகச் சிலரே.

வாக்கில் தோற்ற தீர்மானம்

1963 ஆகஸ்டு மாதம் நேருவின் அமைச்சரவை மீது ஆச்சாரிய கிருபளானி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். விடுதலைக்குப் பின் மக்களவையில் விவாதிக்கப்பட்ட முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் அதுவே. முந்திய ஆண்டு சீனப் போரில் அடைந்த தோல்வியின் நிழல் அவையில் படிந்திருந்தது. உறுப்பினர் பலரும் எல்லையைப் பற்றிப் பேசினர். லோகியாவோ வயிற்றைப் பற்றியும் பேசினார். நாட்டில் 27 கோடி மக்கள் நாளொன்றுக்கு மூன்றணா வருவாயில் வாழ்கின்றனர் என்றும், பிரதமர் ஒருவருக்காக நாளொன்றுக்கு 25,000 ரூபாய் செலவாகிறது என்றும் அவர் குற்றஞ்சாட்டினார்.

பிரதமர் நேரு இதை மறுத்தார். வருவாய் மூன்றணா அன்று, பதினைந்தணா என்பது அவர் கூற்று. தீர்மானத்துக்கு ஆதரவாக 62 வாக்குகளும் எதிராக 347 வாக்குகளும் விழுந்தன. தீர்மானம் தோற்றது. ஆனால் வினா தோற்கவில்லை. அடுத்த மாதம் அதே பொருள் மீண்டும் அவையில் விவாதிக்கப்பட்டது. அப்போது திட்ட அமைச்சர் குல்சாரிலால் நந்தா, அடிமட்டத்திலுள்ள அறுபது விழுக்காட்டினருக்குக் கிடைப்பது ஏழரையணா என்றார். அதாவது, ஆகஸ்டில் பதினைந்தாக இருந்த அணா செப்டம்பரில் ஏழரை ஆயிற்று!

கணக்கு எங்கே வேறுபட்டது?

அணா என்பது இன்றைய மாணவர்க்குப் பழங்கதை. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. 1957இல் நூறு காசு முறை வந்த பின்னும் மக்கள் வழக்கில் அணா நீடித்தது. மூன்றணா என்பது ஏறத்தாழ 19 காசு. ஏழரையணா 47 காசு. பதினைந்தணா 94 காசு.

மூவரும் மூன்று விடை சொன்னார்களே, பொய் சொன்னவர் யார் என்று கேட்கத் தோன்றும். கேள்வி அதுவன்று. பதினைந்தணாவை 365 நாளுக்குப் பெருக்கினால் ஆண்டுக்கு 342 ரூபாய் வருகிறது. இது நாட்டு வருமானத்தை மக்கள்தொகையால் வகுத்தால் கிடைக்கும் தலா வருமானத்தை ஒட்டிய தொகை. அதில் ஆலை முதலாளியும் உண்டு. நடவு நடும் பெண்ணும் உண்டு. லோகியா கேட்டதோ அந்தப் பெண்ணுக்குக் கிடைப்பது எவ்வளவு என்பதையே.

இதை நம் விடுதி வழக்கில் விளக்கலாம். பந்தியில் பத்து மாணவர், இட்டலி முப்பது. சராசரி ஆளுக்கு மூன்று. நான்கு பேர் ஆளுக்கு ஆறு தின்றுவிட்டால் மீதி ஆறு பேருக்கு ஆளுக்கு ஒன்றுதான். அப்போதும் சராசரி மூன்றே! பசித்திருப்பவனிடம் போய், 'உன் சராசரி மூன்று' என்று சொன்னால் அவன் வயிறு நிறையுமா?

அதே முறையில் அமைச்சரின் கணக்கையும் பார்ப்போம். இவை அனைத்தும் ஒரே வகை வருவாய்க் கணக்கு என்று கொண்டால், மொத்தச் சராசரி பதினைந்தணாவாகவும் அறுபது விழுக்காட்டினர் பங்கு ஏழரையணாவாகவும் இருக்க, எஞ்சிய நாற்பது விழுக்காட்டினர்க்கு இருபத்தாறேகால் அணா கிடைத்திருக்க வேண்டும். இது மூன்றரை மடங்கு. லோகியாவின் மூன்றணாவை வைத்தால் அவர்களுக்கு முப்பத்து மூன்றணா. இது பதினோரு மடங்கு. எந்தக் கணக்கை ஏற்றாலும் இடைவெளி இருந்தது என்பதை மறுக்க முடியாது. அதன் அகலம் பற்றியே வழக்கு.

அரசின் ஏடுகளே கூறும் சான்று

லோகியாவின் மூன்றணா மிகக் குறைத்துச் சொன்ன எண் என்று கூறியோர் உண்டு. ஆயினும் அது வானத்திலிருந்து விழுந்த எண்ணன்று. 1956-57ஆம் ஆண்டு நடந்த இரண்டாவது வேளாண் தொழிலாளர் விசாரணையின்படி, வேளாண் கூலிக் குடும்பங்களில் ஆள் ஒன்றுக்கு ஆண்டு வருவாய் 99 ரூபாய் 40 காசு. 1950-51இல் 104 ரூபாயாக இருந்தது முதல் ஐந்தாண்டுத் திட்டம் முடிந்த பின் இவ்வாறு குறைந்திருந்தது! இந்த 99 ரூபாய் 40 காசை நாள் கணக்காக மாற்றினால் ஏறக்குறைய நாலேகால் அணாதான் வருகிறது. மிக ஏழ்மைப்பட்ட பிரிவினரைப் பொறுத்தவரை, உண்மை பதினைந்தைவிட மூன்றுக்கே அருகில் இருந்தது.

இன்னொன்றையும் நோக்குவோம். 1962இல் திட்டக்குழுவின் சார்பில் கூடிய அறிஞர் குழு, 1960-61 விலைப்படி ஆளுக்கு மாதம் 20 ரூபாயேனும் செலவிட முடிந்தால்தான் குறைந்தபட்ச வாழ்வு என்று வரையறுத்தது. மருத்துவமும் கல்வியும் அதில் சேரவில்லை. நாளொன்றுக்கு அது பத்தரை அணாவுக்குச் சற்று மேல். ஏழரையணா என்பது மாதத்துக்கு 14 ரூபாய்தான். ஆக, லோகியாவை மறுக்க அமைச்சர் எடுத்து வைத்த எண்ணே, மக்களில் அறுபது விழுக்காட்டினர் அந்தக் குறைந்தபட்சத்தை எட்டவில்லை என்பதற்கு ஒப்புதல் ஆகிவிட்டது.

வினாவின் விளைவு

இவ்விவாதத்தால் உடனே சட்டம் ஒன்றும் பிறக்கவில்லை, அமைச்சரவையும் கவிழவில்லை. ஆயினும் திட்டங்களின் பயன் யாரைச் சேர்ந்தது என்ற கேள்வி அறிஞர் அறையிலிருந்து வீதிக்கு வந்தது. வருமானப் பங்கீட்டை ஆராய 1960இலேயே அமைக்கப்பட்ட மகலனோபிஸ் குழு 1964இல் அறிக்கை தந்தது. 1971இல் தாண்டேகரும் ரத்தும் வெளியிட்ட ஆய்வு, 1960-61இல் கிராம மக்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரும் நகர மக்களில் 50 விழுக்காட்டினரும் போதிய உணவின்றி வறுமையில் இருந்தனர் எனக் கணித்தது. வறுமைக்கோடு என்ற சொல் இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கோட்டைப் பற்றிய பேச்சை மக்கள் மன்றத்தில் உரத்த குரலில் எழுப்பியவர்களுள் லோகியா முதன்மையானவர் எனில் மிகையாகாது.

அவர் கருத்துகள் அனைத்தும் நமக்கு உடன்பாடானவை அல்ல. ஆங்கிலத்தை அகற்ற வேண்டுமென்று போராடிய அவர் மொழிக்கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. 1965இல் நம் மாணவர் சமுதாயம் நடத்திய இந்தி எதிர்ப்புப் போராட்டம் அதற்குச் சான்று. ஆயினும் ஒன்றில் மாறுபடுகிறோம் என்பதற்காக, மற்றொன்றில் அவர் கேட்ட நல்ல கேள்வியை மறைப்பது நேர்மையாகாது.

முடிவுரை

ஒரு நல்ல நாடாளுமன்ற உறுப்பினருக்கு அமைச்சர் பதவி தேவையில்லை, பெரும்பான்மையும் தேவையில்லை. மக்களின் அன்றாடத் துன்பத்தை எண்ணாக மாற்றிக் கேட்கும் திறமும், விடை வரும்வரை விடாத உறுதியும் வேண்டும். 62 பேர் மட்டுமே ஆதரித்த அந்தத் தீர்மான விவாதம் நமக்குச் சொல்வது இதுதான்.

நம் கல்லூரியில் பயில்வோரில் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். பாடநூலில் தலா வருமானம் என்று படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். அந்தச் சராசரிக்குக் கீழே நம் தாயும் தந்தையும் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு முறையேனும் கணக்கிட்டுப் பார்த்தோமா? இனி எந்தச் சராசரியைக் கண்டாலும், அதில் யாருக்கு எத்தனை அணா என்று கேட்போம். அவ்வாறு கேட்கக் கற்பதே பொருளியல் கற்றதன் பயன்.