வற்றல் ஏன் கெடுவதில்லை?
உணவு உலர்த்தும் பெட்டியின் அறிவியல்



சந்தையில் வாங்கிய தக்காளியை ஒரு வாரம் வெளியிலேயே வைத்துப் பாருங்கள். தோல் சுருங்கும், ஓரிடத்தில் கொழகொழவென்று ஆகும், பிறகு அங்கே பூசணம் படரும். அதே அடுப்பங்கரையில், போன சித்திரையில் போட்ட சுண்டைக்காய் வற்றலும் மோர்மிளகாயும் டப்பாவில் இருக்கின்றன. மாதங்கள் பல ஆகியும் அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் செடியில் காய்த்தவைதாம். ஒன்று கெட்டது; மற்றவை கெடவில்லை. ஏன்?

"வற்றலில் நீர் இல்லை, அதனால்தான்" என்று உடனே விடை சொல்வீர்கள். விடை சரிதான், ஆனால் முழு விடை அன்று. தேனை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் நூற்றுக்கு 17 அல்லது 18 பங்கு நீர் இருக்கிறது. அது கெடுவதில்லை. நிலக்கடலையில் நூற்றுக்கு 12 பங்கு ஈரம் இருந்தாலே பூசணம் பிடித்துவிடும். நீர் அதிகமுள்ள பொருள் கெடாமலும், குறைவாக உள்ள பொருள் கெட்டும் போவது எப்படி?

நீர்ச் செயல்பாடு

பாக்டீரியாக்களும் பூசணங்களும் உணவிலிருந்து நீரை உறிஞ்சித்தான் வளர்கின்றன. தேனில் உள்ள நீர் மூலக்கூறுகளைச் சர்க்கரை பிடித்து வைத்துக்கொள்கிறது. நுண்ணுயிரிக்கு அந்த நீர் கிட்டுவதில்லை. ஆகவே, ஓர் உணவில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு எளிதாகக் கிட்டும் நிலையில் இருக்கிறது என்பதே முக்கியம். இந்த அளவை 'நீர்ச் செயல்பாடு' என்பார்கள். தூய நீருக்கு இது 1. ஈரமே இல்லாத பொருளுக்கு 0. ஆஸ்திரேலிய அறிவியலர் டபிள்யூ. ஜே. ஸ்காட் 1953-இல் உணவை நஞ்சாக்கும் ஒரு பாக்டீரியாவை வைத்து ஆராய்ந்து, அதன் வளர்ச்சியை நிர்ணயிப்பது இந்த அளவே என்று காட்டினார்.

சில எல்லைகளைக் கீழே காண்க:

புதிய காய், பழம், இறைச்சி: 0.97-க்கு மேல்
பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளர்வது நிற்கும் எல்லை: ஏறத்தாழ 0.90
பெரும்பாலான பூசணங்கள் வளர்வது நிற்கும் எல்லை: ஏறத்தாழ 0.80
எந்த நுண்ணுயிரியும் வளராத எல்லை: 0.60-க்குக் கீழ்

உப்பும் சர்க்கரையும் நீரைப் பிடித்து வைப்பதால் இந்த எண்ணைக் குறைக்கின்றன. வற்றல் போடும்போது உப்பு சேர்ப்பது சுவைக்காக மட்டும் என்று இனி நினைக்கமாட்டீர்கள் அல்லவா?

வெயிலும் பெட்டியும்

மொட்டை மாடியில் பாய் விரித்து உலர்த்துவதில் செலவு இல்லை. ஆனால் தூசி, ஈ, காக்கை, திடீர் மழை ஆகியவை உண்டு. மழைக்காலத்தில் காற்றே ஈரமாக இருப்பதால் வற்றல் காய்வதற்குள் பூசணம் முந்திக்கொள்ளும். இந்தக் குறைகளைத் தீர்க்க வந்ததுதான் வீட்டு உணவு உலர்த்தி. அதன் அமைப்பு எளிது. ஒரு பெட்டி, உள்ளே கம்பி வலைத் தட்டுகள், காற்றைச் சூடாக்க ஒரு மின்கம்பிச் சுருள், அந்தக் காற்றைத் தட்டுகளின்மேல் ஓட்ட ஒரு சிறு விசிறி, வெப்பம் மிகாமல் காக்க ஒரு தானியங்கிச் சாவி, ஈரக்காற்று வெளியேற ஒரு வழி.

காற்றைச் சூடாக்கினால் என்ன பயன்? 30 டிகிரி சென்டிகிரேடில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத்தான் தாங்கும். 55 டிகிரியில் அதுவே ஏறத்தாழ 104 கிராம் தாங்கும். மழைநாளில் ஈரப்பதம் நூற்றுக்கு 80 என்று கொள்வோம். அந்தக் காற்றைப் பெட்டிக்குள் இழுத்து 55 டிகிரிக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் நூற்றுக்கு 22 அளவுக்கு இறங்கிவிடும். காற்றிலிருந்த நீராவி எங்கும் போகவில்லை. காற்றின் கொள்ளளவு பெருகிவிட்டது. தாகமெடுத்த அந்தக் காற்று உணவின் ஈரத்தை வாங்கிக்கொண்டு வெளியேறுகிறது. விசிறி புதுக்காற்றைக் கொண்டுவருகிறது.

ஒரு சிறு கணக்கு

ஒரு கிலோ தக்காளியில் ஏறத்தாழ 940 கிராம் நீர். மீதி 60 கிராம்தான் திடப்பொருள். ஈரம் நூற்றுக்கு 10 ஆகும்வரை உலர்த்தினால் மிஞ்சும் வற்றலின் எடை சுமார் 67 கிராம். அப்படியானால் 933 கிராம் நீர் ஆவியாக வேண்டும். 55 டிகிரியில் ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,370 ஜூல் வெப்பம் தேவை. பெருக்கிப் பாருங்கள்: சுமார் 22 லட்சம் ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். ஆக, முக்கால் யூனிட்கூட வேண்டாம்! ஆனால் 500 வாட் பெட்டி இடைவிடாமல் 10 மணி நேரம் ஓடினால் 5 யூனிட் செலவாகும். மீதி வெப்பம் வெளியேறும் காற்றோடும் பெட்டியின் சுவர் வழியாகவும் போய்விடுகிறது. வெயிலில் உலர்த்தும் நம் பாட்டிமார்களுக்கு இந்தச் செலவு முழுவதையும் சூரியன் கொடுத்துவிடுகிறது.

செய்து பாருங்கள்: வாழைப்பழ வில்லைகள்

1. பழுத்தும் கட்டியாக உள்ள வாழைப்பழங்களைத் தோலுரித்து 500 கிராம் நிறுத்துக்கொள்ளுங்கள்.

2. 5 மில்லிமீட்டர் கனத்தில் ஒரே சீராக வில்லைகளாக நறுக்குங்கள். கனம் இரு மடங்கானால், உலரும் நேரம் இரு மடங்காவதில்லை. ஏறக்குறைய நான்கு மடங்காகும். உள்ளிருக்கும் நீர் மெல்ல ஊர்ந்து மேற்பரப்புக்கு வரவேண்டும் அல்லவா?

3. எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் நனைத்து எடுங்கள். பழத்தைக் கறுக்கச் செய்யும் நொதியின் வேலையை அமிலம் தடுக்கும்.

4. ஒன்றின்மேல் ஒன்று படாமல் தட்டில் பரப்பி 55 டிகிரியில் உலர்த்துங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று வெப்பத்தைக் கூட்டாதீர்கள். மேற்பரப்பு பொருக்குக் கட்டி, உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும். வெளியே காய்ந்த வில்லை உள்ளே கெட்டுப்போகும்.

5. இரண்டு மணிக்கு ஒருமுறை எடை பாருங்கள். வாழைப்பழத்தில் நூற்றுக்கு 75 பங்கு நீர் என்று கொண்டால் திடப்பொருள் 125 கிராம். மொத்த எடை சுமார் 156 கிராம் ஆகும்போது ஈரம் நூற்றுக்கு 20-க்கு வந்திருக்கும். அப்போது நிறுத்தலாம்.

6. ஆறியபின் கண்ணாடிப் புட்டியில் இட்டு மூடுங்கள். ஒரு வாரம் நாள்தோறும் குலுக்குங்கள். புட்டியின் உட்புறம் நீர்த்துளி கண்டால் மீண்டும் உலர்த்த வேண்டும்.

பெட்டி இல்லாதவர்கள் இதையே கோடை வெயிலில், மெல்லிய துணியால் மூடிச் செய்து பார்க்கலாம். நேரத்தையும் எடையையும் குறித்து ஒரு வரைபடம் வரையுங்கள். முதலில் எடை வேகமாக இறங்கும், பிறகு மெதுவாகும். காரணத்தை நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

இறைச்சி என்றால் எச்சரிக்கை

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்கள் லாமாவின் இறைச்சியை உப்பிட்டு, பகல் வெயிலிலும் இரவுப் பனியிலும் உலர்த்தினார்கள். அவர்களுடைய கெச்சுவா மொழியில் அதன் பெயர் 'சார்க்கி'. அதுவே ஸ்பானிய மொழி வழியாக ஆங்கிலத்தில் 'ஜெர்க்கி' ஆயிற்று. நம் ஊர் உப்புக்கண்டமும் இதற்கு உறவுதான்.

1995-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் வீட்டில் உலர்த்திய மான் இறைச்சியால் 11 பேருக்கு நோய் கண்டது. காரணம், 'ஈ. கோலி' பாக்டீரியாவின் கொடிய வகை ஒன்று. இறைச்சி பெட்டியில் பல மணி நேரம் உலர்ந்திருந்தது. கிருமி எப்படிப் பிழைத்தது?

மண்பானை நீர் ஏன் குளிர்கிறது என்று படித்திருப்பீர்கள். நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பெட்டிக்குள்ளும் அதுவே நடக்கிறது. காற்று 60 டிகிரி என்று அளவுமானி காட்டும். ஆனால் ஈரமான இறைச்சி அந்த வெப்பத்தை எட்டாது. ஈரம் போனபின் இறைச்சி சூடேறும். அதற்குள் பாக்டீரியாவும் உலர்ந்துவிடும்; உலர்ந்த பாக்டீரியா வெப்பத்தை நன்றாகத் தாங்கும். உலர்ந்த உணவில் அது வளராது. ஆனால் சாகாமல் காத்திருக்கும். இந்த வகைக் கிருமி மிகச் சில உடலுக்குள் போனாலே நோய் வரும்.

எனவே முறையை மாற்ற வேண்டும். முதலில் சூடு, பிறகு உலர்த்தல். கொழுப்பு நீக்கிய இறைச்சிக் கீற்றுகளை ஆவியில் வேகவைத்து, உள் வெப்பம் 71 டிகிரியை எட்டச் செய்ய வேண்டும். கோழி என்றால் 74 டிகிரி. ஈரமான சூட்டில் கிருமி மடிந்துவிடும். அதன்பின் 55 முதல் 60 டிகிரியில் உலர்த்தலாம். கொழுப்பை ஏன் நீக்க வேண்டும் என்கிறீர்களா? அது உலராது, காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடித்துவிடும். உப்புக்கண்டத்தை நம் வீடுகளில் எண்ணெயில் பொரித்து உண்கிறோம். அதனால் கடைசியிலாவது நல்ல சூடு கிடைக்கிறது. ஜெர்க்கியை அப்படியே மென்று தின்பதால், முதலிலேயே சூடாக்குவது இன்றியமையாதது. இந்த வேலையைப் பெரியவர்கள் துணையின்றிச் செய்யவேண்டாம்.

சிந்தியுங்கள்

1. மோர்மிளகாயைத் தயிரிலும் உப்பிலும் ஊறவைத்தபின் உலர்த்துவது ஏன்? இரண்டு காரணங்கள் கூறுங்கள்.

2. உலர்த்தியின் காற்றுப்போக்கியை அடைத்துவிட்டால் வெப்பம் வீணாகாது என்கிறான் உங்கள் நண்பன். அவனுக்கு என்ன விடை சொல்வீர்கள்?

3. நன்கு காய்ந்த அப்பளம் மழைக்காலத்தில் திறந்திருந்தால் ஏன் தளர்ந்துபோகிறது?