கொல்லையில் கிடைத்த பழங்காசு யாருக்குச் சொந்தம்?

செங்கல்பட்டுக் கடற்கரை நெடுகிலும் பழைய துறைமுகங்கள் உள்ளன. மாமல்லபுரம் பல்லவர் துறை. சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை. கடப்பாக்கத்தை அடுத்த ஆலம்பரையில் நவாபுகள் காலத்து நாணயச்சாலை இருந்தது. அங்கிருந்த கோட்டையை 1760-இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்தனர். ஆகவே இப்பகுதியில் அஸ்திவாரம் தோண்டும்போது பழங்காசு அகப்படுவது வியப்பன்று. இப்போது மெட்டல் டிடெக்டர் வாங்கிக் கொல்லைப்புறத்தைத் துழாவுவோரும் உண்டு. அக்கருவி மண்ணுக்குள் மின்காந்த அலையைச் செலுத்தி, உலோகம் இருந்தால் ஒலி எழுப்பும். உலோகத்தை அது காட்டும், உரியவரைக் காட்டாது. அதை நமக்குக் காட்டுவது ஷரீஅத்.

"பூமி தந்தது, அல்லாஹ் கொடுத்தது, நமக்கே ஹலால்" என்று சிலர் எண்ணுகின்றனர். நம் மார்க்கம் அவ்வளவு எளிதாக விட்டுவிடவில்லை. ஃபிக்ஹு நூல்கள் இதனை இரண்டாகப் பிரிக்கின்றன.

முதலாவது ரிகாஸ். இஸ்லாத்திற்கு முற்பட்ட மக்கள் புதைத்த பொருள் இது. இதில் ஐந்தில் ஒரு பங்கு கடமை என நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்ததை அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக புகாரீ, முஸ்லிம் நூல்களில் காண்கிறோம். ஷாஃபிஈ மத்ஹபில் இது தங்கம், வெள்ளிக்கு மட்டுமே உரியது. நிஸாபும் வேண்டும்: தங்கம் சுமார் 85 கிராம், வெள்ளி சுமார் 595 கிராம். ஓராண்டு காத்திருக்கத் தேவையில்லை. ஹனஃபீ மத்ஹபில் செம்புக்கும் இது பொருந்தும், நிஸாபும் இல்லை. காளை பொறித்த பல்லவர் செப்புக்காசு கிடைத்தால் இவ்வேறுபாடு விளங்கும்.

இரண்டாவது லுகதா, அதாவது கண்டெடுத்த பொருள். ஆற்காட்டு ரூபாயில் ஃபார்ஸி எழுத்தில் முகலாய மன்னரின் பெயர் இருக்கும். இஸ்லாமிய அடையாளமுள்ள இத்தகைய காசு ரிகாஸ் ஆகாது. இங்கேதான் பலர் தவறுகின்றனர். ஐந்தில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம் என்கின்றனர். அப்படியன்று. பையையும் அதன் கட்டையும் அடையாளம் வைத்து ஓராண்டு அறிவிக்குமாறு ஹதீஸ் கட்டளையிடுகிறது. எந்த வகை என்று தெரியாத காசையும் ஷாஃபிஈ உலமாக்கள் லுகதாவாகவே கொள்கின்றனர்.

நிலம் விலைக்கு வாங்கியதென்றால், விற்றவரையும் அவருக்கு முன்பிருந்தவரையும் முதலில் விசாரிக்க வேண்டும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். குழி வெட்டிய கூலியாள் கண்டதை, அவரை மிரட்டி வாய்மூட வைப்பது பெரும் அநியாயம்.

நாட்டுச் சட்டத்தையும் அறிந்துகொள்வோம். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவர் கலெக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். உரிமை கோருவோருக்கென அவர் அறிவிப்பு வெளியிட்டு, நான்கு முதல் ஆறு மாதங்களுக்குள் ஒரு நாளைக் குறிப்பார். ஷரீஅத் கூறும் அறிவித்தலுக்கு இது எவ்வளவு அருகில் உள்ளது பாருங்கள்! எவரும் உரிமை நிரூபிக்காவிடில், கண்டவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டால், உலோகத்தின் மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துத் தரும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எல்லைக்குள் அனுமதியின்றித் தோண்டுவதையும் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

ஆகவே காசு கிடைத்தால் தேய்க்காதீர்கள். தட்டாரிடம் உருக்கக் கொடுக்காதீர்கள். எண்ணி, இடத்தையும் நாளையும் குறித்து, இருவரைச் சாட்சி வைத்து, தாலுகா அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். பங்கு கைக்கு வந்தபின் உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் மஸ்அலா கேட்டு, ஏழைகளின் ஹக்கைப் பிரித்துவிடுங்கள்.

பிள்ளைகளின் வாயில் சந்தேகமான கவளம் ஊட்டுவதைவிட, கிடைத்ததை உரிய இடத்தில் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக உறங்குவது மேல். வல்ல நாயன் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்கைத் தந்தருள்வானாக! ஆமீன்.